இரண்டாயிரம் பேருக்கு ஒரே கடிதம்

லண்டன் வால்தம்ஸ்டோவில் றெஜினோல்ட் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. விதானையார் என்றால் தெரியும். மன்னாரில் கிராம அலுவலராக அவர் கடைசியாகக் கையெழுத்திட்டுப் பதினேழு வருடம் ஆகிறது. பதவி மட்டும் விமானம் ஏறிக் கூடவே வந்துவிட்டது. சேர்ச்சில் கல்யாணம் பேசுபவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி முதலில் அவரிடம்தான் கேட்பார்கள். 'நல்ல பொடியன்' என்று அவர் சொல்லிவிட்டால் மேற்கொண்டு விசாரணை கிடையாது. இதெல்லாம் பெரிய தொல்லை என்று சலித்துக்கொள்வார். ஒரு ஞாயிறு யாரும் கேட்காவிட்டால் அதற்கும் சலித்துக்கொள்வார்.

அவருடைய கிராமம் போரின் எல்லையில் இருந்தது. தெற்கே இராணுவத்தின் காவலரண், வடக்கே இயக்கத்தின் காவலரண், நடுவில் முந்நூறு குடும்பங்களும் ஒரு விதானையாரும். தெற்கே போக, 'இவருக்கு இயக்கத்துடன் எந்தத் தொடர்பும் இல்லை' என்று கடிதம் வேண்டும். வடக்கே போக, 'இவர் இராணுவத்துக்குத் தகவல் கொடுப்பவர் அல்ல' என்று வேண்டும். இரண்டையும் எழுதியவர் அவர்தான், முத்திரையும் ஒன்றுதான். 'பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்தவர்' என்ற வரி இரண்டுக்கும் பொது. முந்தின கிழமை இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தவனும் பிறந்ததிலிருந்து தெரிந்தவனே.

இராணுவத்துக்கு எழுதிய அந்தக் கடிதங்களில் ஒன்று போன வருடம் லண்டனுக்கு வந்து சேர்ந்தது. ஊரில் அதை அவரிடம் வாங்கிய மேர்வின், காயப்பட்ட இயக்கப் போராளிகளைத் தகப்பனின் டிராக்டரில் ஏற்றித் திரிந்தவன். பிறகு பிடிபட்டு, அடிபட்டு, தப்பி வந்து இங்கே அகதி அந்தஸ்துக் கேட்டான். கிடைக்கவில்லை. கிராம அலுவலரின் கடிதப்படி இவருக்கு இயக்கத்துடன் தொடர்பே இல்லை, ஆகவே ஊரில் ஆபத்தும் இல்லை என்று பதில் வந்தது. மேன்முறையீட்டிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“உந்தக் கடிதத்தை ஏன்டா குடுத்தனீ?” என்று விதானையார் தன் சமையலறையில் வைத்துக் கத்தினார்.

“வக்கீல் எல்லாப் பேப்பரும் கொண்டுவரச் சொன்னவ, அங்கிள்.”

“எல்லாம் எண்டால்? ஞானஸ்நானச் சேட்டிபிக்கற்றுமோ?”

“ஓம். அம்மா எல்லாத்தையும் லமினேட் பண்ணி அனுப்பினவ.”

“பியற்றிஸுக்கு விசர்!”

மேர்வினின் அம்மா பியற்றிஸுக்குப் பைத்தியம் ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்கள் வீட்டை விட்டு ஓடினாலும் பேப்பரை விட்டு ஓடமாட்டார்கள். ஒரு நாட்டில் உயிரைக் காத்த பேப்பர் இன்னொரு நாட்டில் கடிக்கும் என்று அவர்களுக்கு யார் சொன்னது?

மேர்வினின் வக்கீல் தாரிணி விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். “அங்கிள், அந்தக் கடிதம் பொய்யெண்டு நீங்கள் கோர்ட்டில வந்து சொல்லவேணும்.”

“அப்ப நான் பொய்யன்.”

“அந்தக் கடிதத்தில மட்டும்.”

“அதுசரி. பொய்யன் வந்து ‘நான் பொய்யன்’ எண்டு சொன்னால் ஆர் நம்புவினம்?”

தாரிணி யோசித்துப் பார்த்துவிட்டு, டை கட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

விசாரணை நாளில் பின்வரிசையில் சேர்ச் ஆட்கள் நான்கு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கண்டதும் விதானையாரின் முகம் சுருங்கியது. அரச தரப்பு வக்கீல் ஓர் இளம் பெண். மொழிபெயர்ப்பாளர் மூலம் மரியாதையாகத்தான் கேட்டாள்: இப்படி எத்தனை கடிதம் எழுதினீர்கள்?

“ரெண்டாயிரம் இருக்கும்.”

எத்தனை பேருக்கு மறுத்தீர்கள்?

அவர் பின்வரிசையை ஒருதரம் பார்த்தார். பிறகு மேர்வினைப் பார்த்தார்.

“ஒருத்தருக்கும் இல்லை.”

இயக்கத்தோடு தொடர்புள்ளவர் என்று தெரிந்துமா?

“தெரிஞ்ச ஆக்களுக்குத்தான் கெதியா, நிண்ட நிலையிலயே எழுதினனான்.”

அப்படியானால் உங்கள் கடிதத்துக்கு என்ன மதிப்பு?

“ஒண்டுமில்லை, பிள்ளை. அதை வாங்கிப் பாத்த கப்டனுக்கும் தெரியும். அவருக்கு மேலிடத்துக்குக் காட்ட ஒரு துண்டுக் கடதாசி வேணும். எனக்குப் பொடியன் உயிரோட திரும்பி வரவேணும்.”

மொழிபெயர்ப்பாளர் ‘பிள்ளை’யை மட்டும் விட்டுவிட்டார். அப்படியென்றால் இன்று சொல்வதை ஏன் நம்பவேண்டும் என்று அவள் கேட்டபோது விதானையாருக்குப் பொறுமை போய்விட்டது.

“அண்டைக்குப் பொய் சொல்லி எனக்கு நல்ல பேர் கிடைச்சது. இண்டைக்கு உண்மை சொல்லி என்ன கிடைக்குது? உங்கை பின்னால இருக்கிறவையைப் பாருங்கோ!”

நீதிபதி நிமிர்ந்து பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு நெடுநேரம் எழுதினார்.

வெளியே வந்ததும், பின்வரிசையில் இருந்த மேரிசாந்தி வழிமறித்தாள். அவளுடைய மகளுக்கு மாப்பிள்ளை பேசியபோது நற்சான்று கொடுத்தவர் இவர்தான்.

“விதானையார், அப்ப எங்கடை மருமோனைப் பற்றிச் சொன்னது?”

“அது லண்டனில சொன்னது, தங்கச்சி. வழியை விடுங்கோ.”

ஆறு கிழமையில் தீர்ப்பு வந்தது. மேர்வின் இங்கேயே இருக்கலாம். தீர்ப்பின் முப்பத்தோராம் பந்தியில், இந்தச் சாட்சி வழங்கிய எந்த நற்சான்றுக்கும் எவ்வித மதிப்பும் அளிக்க இயலாது என்று எழுதியிருந்தது.

“நான் சொன்னது சரி. அதுக்காக இந்த மனுசன் ‘எவ்வித’ எண்டு போடவேணுமோ?” என்று கேட்டுவிட்டு ஒரு கிழமை மேர்வினின் போனை அவர் எடுக்கவில்லை. எட்டாம் நாள் தானே அழைத்தார்.

“வேலைக்கு எழுதிப்போட்டியோ?”

“ஓம் அங்கிள், ஹவுன்ஸ்லோவில ஒரு கடைக்கு. ரெண்டு றெஃபறன்ஸ் கேக்கினம்.”

“என்ரை பேரைக் குடுத்துத் துலைச்சுப் போடாதை.”