குங்குமச் சிமிழில் ஒரு ஸ்லோ ஜெட்

எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கும் குங்குமச் சிமிழுக்குள் ஒரு பித்தளைத் துண்டு கிடக்கிறது. சுண்டுவிரல் நகத்தின் நீளம்தான் இருக்கும். ஒரு பக்கம் திருகு மரை, மறுபக்கம் ஸ்குரூ டிரைவர் வைக்க ஒரு கீறல், நடுவில் தலைமுடி மட்டும் நுழையக்கூடிய ஒரு துளை. வீட்டுக்கு வருகிற பெண்கள் அதை மூக்குத்தித் திருகு என்று நினைத்து எடுத்துக் கொடுக்கப் போவார்கள். "அது அங்கியே கெடக்கட்டும்" என்பார் அத்தை. உண்மையில் அது மாமாவின் பெரிய மோட்டார் சைக்கிளின் கார்ப்பரேட்டரில் இருந்த ஸ்லோ ஜெட். வண்டி நின்று உறுமும்போதும், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பது அந்தத் துளையின் கையில்தான் இருக்கிறது. அது சிமிழுக்குள் எப்படி வந்தது என்று மாமாவுக்கு இன்றுவரை தெரியாது.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். அத்தை அதே துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்றவர். நான் தெற்கத்திப் பலசரக்கு வியாபாரக் குடும்பத்திலிருந்து கல்மண்டபத்துச் சந்துக்கு மருமகளாக வந்தவள். எங்கள் அப்பா வீட்டில் வண்டி என்றால் அது மூட்டை ஏற்றுகிற வண்டி. அதைத் துடைத்துக்கூட நான் பார்த்ததில்லை. இங்கே வந்த முதல் வாரமே மாமா தன் வண்டியைக் குளிப்பாட்டித் துவட்டியதைப் பார்த்து, இந்த வீட்டில் எனக்கு இன்னொரு மாமியார் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஐநூறு சிசி, ஒற்றை சிலிண்டர், என் கணவரைவிட வயது கூடியது. கப்பலில் வேலை பார்த்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது மாமாவிடம் விட்டுப்போனது. நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த கனத்த வண்டி. கடலை விட்டுக் கரையேறிய பிறகு மாமாவுக்கு ஒரே ஆசைதான் இருந்தது: அத்தையைப் பின்னால் உட்காரவைத்துக் கடலோரமாகவே ஊர் ஊராகப் போக வேண்டும்.

அத்தையோ அந்த வண்டியை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். அதற்கொரு பழைய காரணம் உண்டு. வண்டி வந்த புதிதில் ஒரே ஒரு முறை ஏறினாராம். திருவொற்றியூர் சாலையில் முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி, நடுவில் இது நின்றுவிட்டது. ஹாரன் சத்தத்தில் காது கிழிய, அத்தை இறங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தார். அதோடு சரி. மாமா தனியாகப் போவதும், அத்தை ஆட்டோவில் போவதுமாகப் பல வருடங்கள் ஓடிவிட்டன.

எனக்குக் கல்யாணமான அடுத்த வருடம் வள்ளூரில் அத்தையின் தங்கை வீட்டில் காதுகுத்து வந்தது. அந்தச் சமயம் வண்டியை விலைக்குக் கேட்டு ஒருவர் நடையாக நடந்துகொண்டிருந்தார். வண்டியிலேயே போகலாம் என்று மாமா விடாமல் கெஞ்சியதில் அத்தை ஒருநாள் கரண்டியை வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "ஒரே ஒரு தபா குந்தறேன்யா. இங்கேர்ந்து வள்ளூர் வரிக்கும். நடுவால ஒரு தபா நின்னுச்சினாலும் நா எறங்கிக்குவேன். நீ மறுநாளே அந்தாளுக்கு வண்டிய வித்துடணும். இன்னா சொல்றே?" மாமா சரி என்று தலையாட்டினார். முகத்தில் ரத்தமில்லை. "சாட்சிக்கு மருமவ பின்னாலயே வருவா" என்று அத்தை என்னையும் இழுத்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் கூடம் ஒர்க்‌ஷாப் ஆனது. வண்டி நிற்பதற்குக் காரணம் கார்ப்பரேட்டர்தான் என்பது மாமாவின் முடிவு. தரையில் செய்தித்தாளை விரித்து மூன்று கார்ப்பரேட்டர்களை வரிசையாக வைத்தார். முதலாவது வண்டியோடு வந்தது. உள்ளே ஏறி இறங்கும் தண்டு தேய்ந்து லொடலொடவென்று ஆடும்; எந்த வழியாகக் காற்று வரவேண்டுமோ அதைத் தவிர எல்லா வழியாகவும் வரும். இரண்டாவது, புதுப்பேட்டை மெக்கானிக் ஒருவர் சிபாரிசு செய்த புத்தம்புதுப் பெரிய வாய்க்காரன். காலி சாலையில் முறுக்கினால் பறக்கும். ஆனால் லாரிக்குப் பின்னால் ஊரும்போது இருமி இருமிச் சாகும். மூன்றாவது, வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய, கொஞ்சம் சின்ன வாய் உள்ள பழையது. மாமாவுக்கு மனசெல்லாம் அந்தப் புதியதின் மேல். மாற்றி மாற்றிக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் கழுவிக்கொண்டிருந்த அத்தை அங்கிருந்தபடியே, "நீ போறது லாரி சந்துல. அங்க இன்னாத்துக்குயா அம்மாம் பெரிய வாயி? இந்த வூட்ல ஒரு பெரிய வாயி போதும்" என்றார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். மாமா சின்ன வாய்க்காரனை எடுத்து மாட்டினார்.

மாட்டிய பிறகுதான் வேலையே ஆரம்பம். காலையில் ஆரம்பித்தால் சந்து முழுக்க அந்தச் சத்தம்தான். பக்கவாட்டிலுள்ள ஸ்குரூவை ஒரு மயிரிழை திருகுவார், கண்ணை மூடிக் கேட்பார், மறுபடி திருகுவார். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து ப்ளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிப்பார். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், டீ நிறத்தில் இருந்தால் அன்று எங்கள் எல்லோருக்கும் பஜ்ஜி உண்டு. அவருக்கு ஒரு பலவீனம் இருந்தது. நிற்கும்போது வண்டி, விசைப்படகு மாதிரி அடி அடியாக, ஒவ்வொன்றையும் எண்ணுகிற அளவுக்கு நிதானமாக அடிக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்காகவே ரொம்பச் சின்ன ஸ்லோ ஜெட்டைப் போட்டுக் குறைத்துக் குறைத்து வைத்தார். "ஷோக்கா கீதில்ல கண்ணு?" என்று என்னைக் கேட்பார். எனக்கு அது எப்போது நிற்குமோ என்றுதான் தோன்றும்.

அத்தை ஒருநாள் வாசலில் நின்று கேட்டார். அவருடைய காது லேசுப்பட்டதல்ல. இருட்டு விலகாத காலையில் படகுகள் துறைக்குள் வரும்போதே, என்ஜின் முக்குவதைக் கேட்டு எந்தப் படகில் மீன் நிறைய இருக்கிறது, எது வெறுங்கையோடு வருகிறது என்று சொல்லிவிட்டு, அதற்கேற்ற மாதிரி ஏலத்துக்கு நகர்ந்து நிற்பவர் அவர். "காலி வண்டிய வெச்சிகினு இன்னாயா பாட்டு கேட்டுகினுகீறே? ஐசும் வலையும் ஏத்தாம நீ என்னிக்காவது படகு மிசின செட் பண்ணிகீறியா? நா குந்துனா வண்டிக்குத் தெரியாதா?" மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். அவ்வளவு காலம் படகு ஓட்டியவருக்கு அது தோன்றவில்லை.

சரி, எடைக்கு எதை ஏற்றுவது? அத்தையைக் கேட்டால் காதுகுத்து நாளுக்கு முன்னால் ஏறமாட்டேன் என்றுவிட்டார். மாமாவுக்குக் கைக்குப் பழகிய சுமை ஒன்றுதான். மீன் பெட்டியில் ஐஸை நொறுக்கி நிரப்பி, அத்தையின் எடை இருக்கும் என்று கண்ணால் மதிப்பிட்டு, பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டினார். பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துவாரம் உண்டு. மீனுக்கு எப்போதும் அதைத் திறந்துதான் வைப்பார்கள். பழக்க தோஷத்தில் அன்றும் திறந்தே வைத்தார். உச்சி வெயிலில் கிளம்பி, சாலை நெடுக நிறுத்தி நிறுத்தி ஸ்குரூவைத் திருகி, எர்ணாவூர் பக்கம் கடைசியாக ஒரு திருகு திருகித் திருப்தியாக வீடு வந்தார். வண்டி கல்மண்டபத்திலிருந்து எர்ணாவூர் வரை சொட்டிக்கொண்டே போயிருக்கிறது. பெட்டியைத் தூக்கிப் பார்த்த என் கணவர், "நைனா, திருவொத்தியூர் தாண்டசொல்லயே பாதி அம்மா உருகி ஓடிட்டாங்க" என்றார். மாமா கேட்கிற நிலையில் இல்லை. வண்டி சரியாகிவிட்டது என்ற பூரிப்பில் இருந்தார்.

காதுகுத்து நாள் வந்தது. அத்தை கத்தரிப்பூ நிறப் பட்டு கட்டி, தலை நிறையக் கனகாம்பரமும் மல்லியுமாக வந்து, சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒருக்களித்து உட்கார்ந்தார். சந்தே வேடிக்கை பார்த்தது. பின்னால் ஸ்கூட்டரில் என் கணவரும், சாட்சியாக நானும். காசிமேடு வரை அத்தை கம்பியைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்திருந்தது. திருவொற்றியூர் தாண்டிக் கடல் பக்கவாட்டில் திறந்துகொண்டபோது பார்த்தேன், கை கம்பியை விட்டு மாமாவின் தோளுக்கு வந்திருந்தது. காற்றில் பூ உதிர, அத்தை ஏதோ சொல்லிச் சிரித்தார். மாமாவும் தலையைச் சாய்த்துச் சிரித்தார். படகில் பெண்களை ஏற்றுவதில்லை. ஆயுசு முழுக்கக் கரையில் நின்று புருஷனின் என்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்தவர், அவர் ஓட்டுகிற ஒன்றின் மேல் உட்கார்ந்து இவ்வளவு தூரம் வந்தது அன்றுதான். கடவுளே, இது நிற்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

எர்ணாவூர் சிக்னலில் பச்சை விழுந்தது. முன்னாலிருந்த லாரி நகர்ந்தது. மாமா கிளட்சை விட்டார். முழு அத்தையும், பட்டும், சீர்த்தட்டும் சேர்ந்த கனத்துக்கு வண்டி ஒருமுறை திணறியது. டப் என்று நின்றுவிட்டது. பின்னாலிருந்த லாரி ஹாரனை அழுத்தியது. மாமா திரும்பவில்லை. அவருடைய கழுத்து மட்டும் விறைத்துப்போனது. என் கணவர் பக்கத்து ஆட்டோக்காரரோடு வாய்த்தகராறில் இருந்ததால் கவனிக்கவில்லை. நான் அத்தையின் கால் எப்போது தரையைத் தொடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் அசையவில்லை. அத்தை சீர்த்தட்டைச் சரிசெய்துகொண்டு உரக்கச் சொன்னார். "ஆஃப் பண்ணிகினியா? அதுவும் நல்லதுதான்யா. லாரிங்கோ போவட்டும், நாம நிதானமா போலாம். பெட்ரோலு இன்னா சும்மாவா வருது?"

மாமா ஒரு நொடி யோசித்தார். "ஆமாமே. நாந்தான் ஆஃப் பண்ணேன்" என்றார். அப்புறம் கிக்கரை உதைத்தார். படகு இருட்டில் வந்தாலே எடை சொல்லுகிற காதுக்கு, நிறுத்திய என்ஜினுக்கும் நின்றுபோன என்ஜினுக்கும் வித்தியாசம் தெரியாதா? அத்தை மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். ஏலத்தில் பக்கத்துக் கூடைக்காரிக்கு, வாயைத் திறக்காதே என்று புருவத்தால் காட்டுகிற பார்வை அது. நான் திறக்கவில்லை. வள்ளூரில் தங்கை கேட்டதும் அத்தை, "எங்க வூட்டு வண்டி ஒரு தபா கூட நிக்கலடி, வோணும்னா மருமவள கேளு" என்றார். நிற்கவே இல்லை என்று நானும் சொன்னேன். சாப்பாட்டுப் பந்தியில் மாமா என்னிடம் குனிந்து, "எர்ணாவூராண்ட அவ கவனிக்கல கண்ணு. நீயும் சொல்லிக்காத" என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் மாமா யாருக்கும் தெரியாமல் கொல்லைப்புறத்தில் கார்ப்பரேட்டரைத் திறந்து, ஒரு அளவு பெரிய ஸ்லோ ஜெட்டைப் போட்டார். அவர் ஆசைப்பட்ட நிதானச் சத்தம் போயிற்று. வண்டி கொஞ்சம் படபடவென்று அடித்தாலும் எங்கேயும் நிற்கவில்லை. கழற்றியதைக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். பின்னாலேயே துடைப்பத்தோடு வந்த அத்தை, குப்பையைக் கிளறி அதை எடுத்து, முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகியதை நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் கடலோரமாகப் போகாத ஊர் இல்லை.

இப்போது மாமாவுக்கு முட்டி ஒத்துழைப்பதில்லை. கிக்கரை உதைக்க முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை வள்ளூருக்கு என் கணவர் பெரிய வண்டியில் அத்தையை ஏற்றிக்கொண்டார். மாமா என் ஸ்கூட்டரின் பின்னால். காத்திவாக்கம் அருகே, கார்ப்பரேட்டரில் தானே ஏதோ கைவைத்திருந்த என் கணவரின் புண்ணியத்தில் வண்டி நின்றது. அத்தை நடுரோட்டில் மகனைப் பிடித்துக்கொண்டார். "வள்ளூர் காதுகுத்துலேர்ந்து உங்க நைனா ஓட்டசொல்லோ ஒரு தபா நின்னுகீதாடா இது? ஒரே ஒரு தபா?" என் முதுகுக்குப் பின்னாலிருந்து மாமா கிசுகிசுத்தார். "பாத்தியா கண்ணு, இன்னும் தெரியாது அவளுக்கு." சிரிப்பை அடக்கியதில் எனக்கு ஸ்கூட்டர் ஆடிவிட்டது.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றியபோது சிமிழைத் திறந்தேன். ஜெட் முழுக்கச் சிவந்து, துளைக்குள்ளும் குங்குமம் ஏறி அடைத்திருந்தது. "ஊசியால குத்திச் சுத்தம் பண்ணட்டுமா அத்தை?" என்றேன். அத்தை கூடத்தைப் பார்த்தார். மாமா பேரனிடம், இந்த வண்டி என் கையில் நின்றதே இல்லை என்று அளந்துகொண்டிருந்தார்.

"வோணாம்" என்று அத்தை விரலால் குங்குமத்தைத் தொட்டு என் நெற்றியில் வைத்தார். "அதும் வேலைய அது எப்பவோ முட்ச்சிட்ச்சி."