சிகரெட் டப்பாவில் இருந்த பதக்கங்கள்

1949 பிப்ரவரி 16, புதன்கிழமை. நான்கரை மணிக்கு எழுந்து முகம் மழித்தேன். ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன். கடற்படையை விட்டு வந்து மூன்று வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. எழுந்தபின் என்ன செய்வதென்றுதான் ராஜபாளையத்தில் தெரியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பேன்.

அன்றைக்கு ஒரு வேலை இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தந்தி ஆபீசில் தற்காலிகமாக ஓர் இடம் காலி. "கப்பல்ல தந்தி அடிச்ச ஆளு" என்று மனைவியின் அண்ணன் அங்கே சொல்லிவைத்திருந்தார். இதுவும் கிடைக்காவிட்டால் பம்பாய் போய் சரக்குக் கப்பல் ஏறிவிடுவேன் என்று நான் வீட்டில் சொல்லியிருந்தேன். அதிலிருந்து மனைவி என்னோடு சரியாகப் பேசவில்லை.

"மெடலைக் குத்திக்கிட்டுப் போங்க. அண்ணன் சொல்லிவிட்டாக."

பழைய சிகரெட் தகர டப்பாவிலிருந்து மூன்று பதக்கங்களையும் எடுத்து அவளே சட்டையில் குத்தினாள்.

ஆபீஸ் வாசலில் தபால்காரர், "என்ன அண்ணாச்சி, சப்பரம் பொறப்பட்ட மாதிரி வாரீய!" என்றார்.

தந்தி மாஸ்டர் என்னைக் கருவிக்கு முன் உட்காரவைத்தார். அது டக், டக் என்று அடித்தது. நான் அதன் இரும்பு நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அங்க என்னத்தப் பாக்கீரு? காதைக் கொடும்."

"சத்தம் கேக்கு ஐயா. எழுத்தாக் கேக்கலை."

"கப்பல்ல தந்தி அடிச்சீராமே?"

"விளக்கு அடிச்சேன்."

பர்மாக் கரையோரம் நான் செய்தது அதுதான். விளக்கின் மூடியைத் திறந்து மூடி, குட்டையும் நெட்டையுமாக வெளிச்சம் காட்டி அடுத்த கப்பலோடு பேசுவது. எழுத்துக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதானே என்று நானும் நம்பிப் போயிருந்தேன்.

"அப்ப இருட்டுன பொறவுல்ல வரணும்!" என்றார் தபால்காரர். மாஸ்டரும் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: "அமுக்குனா ஒரு டக்கு, விட்டா ஒரு டக்கு. நடுவுல உள்ள நேரந்தான் குட்டையும் நெட்டையும். அடுத்த புதன் வரைக்கும் வேற ஆள் போடலை. காது பழகுனா வாரும். இல்லைன்னா வராதேயும்."

திரும்பும் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. காலி இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். வழியில் வெயில் பட்டு மினுங்கிய தகரக் கூரைகளெல்லாம் கண்ணுக்கு எழுத்தாகவே தெரிந்தன.

"பம்பாயா?" என்றாள் மனைவி.

"அடுத்த புதன் தெரியும்."

அவள் பதக்கங்களைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடியைக் கட்டைவிரலால் அழுத்தினாள். மூடி உள்ளே போகும்போது டக் என்றது. விரலை எடுத்ததும் இன்னொரு டக்.

"இன்னொரு தடவை அமுக்கு."

"எதுக்கு?"

"அமுக்கேன்."

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக, முகம் மழிக்கும் முன்பே, பதக்கங்களை அவளுடைய சேலைப் பெட்டியில் கொட்டினேன். சிலேட்டில் புள்ளியும் கோடுமாக நாலு வரி எழுதி, காலி டப்பாவோடு அவள் கையில் கொடுத்து, புள்ளிக்குக் குட்டையாகவும் கோட்டுக்கு நெட்டையாகவும் அமுக்கச் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன்.