மூணு ராஜாவும் ஒரு டோக்கனும்

நான் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த காலம். பதினைந்து வருஷம் இருக்கும். கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு லோடோடு வரிசையில் நின்றிருந்தேன். உள்ளே மிஷின் ரிப்பேர். என் டோக்கனுக்கு மறுநாள் சாயங்காலம்தான் வழி என்றார்கள். எனக்கோ மறுநாள் காலையில் நைனார்பாளையத்தில் அக்கா மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். வண்டியை அம்போ என்று விட்டுவிட்டும் போக முடியாது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும்தான் காத்துக் கிடக்கிறார்கள், அவர்களிடம் போய்ப் பல்லைக் காட்டுவதா என்ற வீம்பு.

பக்கத்தில் புளியமரத்தடியில் மூணு சீட்டு ஆட ஆள் சேர்த்தார்கள். காசு கிடையாது. ஆளுக்கு இருபது தீக்குச்சி. குச்சி தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். கடைசிவரை நிற்பவருக்கு அன்று மதியமே உள்ளே போகிற டோக்கன். தன்னை ஜெயிக்க ஆளில்லை என்ற தெனாவட்டில் அந்த டோக்கன்காரரே வைத்த பந்தயம். நான் பாய்ந்து போய் உட்கார்ந்தேன்.

டோக்கன்காரரையும் என்னையும் சேர்த்து மொத்தம் நாலு பேர். அதில் ஒருவர் கரியாலூர்க்காரர், என் வயசுதான். அவருடைய டோக்கன் என்னுடையதற்கும் பின்னால்.

மூன்றாவது ஆட்டத்திலேயே எனக்கு மூணு ராஜா விழுந்தது. மூணு ஆஸ் வந்தால்தான் அதை அடிக்க முடியும். குச்சியையெல்லாம் அள்ளி நடுவில் போட்டேன். மற்ற மூவரும் இந்த ஆட்டம் வேண்டாமென்று சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். கிடைத்தது ஆளுக்கொரு குச்சி, மூணே மூணு. அது போதாதென்று ராஜாக்களைத் திருப்பி வேறு காட்டினேன்.

கடைசியில் நானும் கரியாலூர்க்காரரும் மட்டும். அவர் ஒரு குச்சி வைத்தார். தாடையைச் சொறிந்தார். கவிழ்த்துவிடலாமா என்பதுபோலச் சீட்டைப் பார்த்தார். இன்னும் ஒரு குச்சி. மனுஷன் தடுமாறுகிறார் என்று நினைத்து மொத்தத்தையும் தள்ளினேன். நிதானமாகத் திருப்பினார். மூணு ஏழு! தோற்ற வயிற்றெரிச்சலிலும் அசந்துபோனேன். என்ன அழகாக ஆடிவிட்டார்!

எழுந்தபோது என் கையைப் பிடித்தார். “மூணு ராஜாவ வச்சிக்கினு யாராவது அப்டி அள்ளிப் போடுவாங்களா? உங்களுக்கு இன்னாமோ ஜாஸ்தி அவசரம். இன்னா விசயம்ங்க?”

காது குத்து விஷயத்தைச் சொன்னேன். முழுசாகக் கேட்கக்கூட இல்லை, ஜெயித்த டோக்கனை என் சட்டைப் பையில் செருகிவிட்டார். “போங்க, கொழந்த காத்துக்கினு இருக்கும்.”

டோக்கன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “யோவ், ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே! தீக்குச்சி எண்ணிக்கினு குந்த வச்சிட்டியே!” திட்டிக்கொண்டேதான் என் டோக்கனை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அக்கா மகள் என் மடியில் உட்கார்ந்து, என் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டே காது குத்திக்கொண்டாள். அந்தக் கரியாலூர்க்காரர் அப்போதும் வெயிலில், வரிசையின் கடைசியில்தான் நின்றிருப்பார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

ஒளிக்க வேண்டிய ராஜாவை ஊருக்கே காட்டிவிட்டு, வாய்விட்டுச் சொல்ல வேண்டியதை ஒளித்து வைத்திருந்தேனே என்று, இன்றைக்கும் ஒருவரிடம் உதவி கேட்க வாய் கூசும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன், பிறகு கேட்டுவிடுகிறேன்.