மேஸ்திரியின் ஜெபமாலை

நீல நிறப் பிளாஸ்டிக் மணிகள் கோத்த ஜெபமாலை அது. எங்கள் மேஸ்திரி கோயில் திருவிழாக் கடையில் வாங்கியது. தூத்துக்குடித் துறைமுகப் பக்கம், கான்கிரீட் உடைக்கும் மெஷினுக்குக் காற்றழுத்தம் தரும் கம்ப்ரசரை நான் ஓட்டிய காலத்தில் எங்கள் ஆட்களுக்குக் கடிகாரமே அதுதான். ஒருவர் பிரேக்கர் மெஷினால் கான்கிரீட்டை உடைக்கும்போது, வெகுநேரம் ஓய்வில் இருந்த இன்னொருவர் பக்கத்தில் நின்று ஜெபமாலை சொல்வார். மாலை ஒரு சுற்று முடிந்ததும் “மாத்து” என்பார். ஆள் மாறிவிட வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் மேஸ்திரி. அந்த மெஷினின் அதிர்வு நரம்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதை, கூட வேலை பார்த்தவர்களின் கையிலிருந்து டீ கிளாஸ் நழுவுவதைப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார். மெஷின் பிடிப்பவர் பாதியில் விடக்கூடாது, சொல்பவரும் ஜெபத்தைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்பதில் எல்லாரும் கறாராக இருந்தோம்.

ஒரு வருஷம் பெய்த பெருமழையில் உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பு மூழ்கியது. சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் வழி அடைத்துக்கொண்டது. மேலே இருந்த கான்கிரீட்டை உடைத்தால்தான் வெள்ளம் கடலுக்குப் போகும். கண்ணெதிரே மாடிகளில் பிள்ளைகளோடு ஜனங்கள் நின்றார்கள். பெரிய இயந்திரம் வரப் பாதை இல்லை. எங்கள் ஆட்களிலும் வந்து சேர முடிந்தது மேஸ்திரியும், அவர் மனைவியின் தம்பியும்தான். நான் மேட்டில் கம்ப்ரசரை விட்டு நகர முடியாது. ஆக, இரண்டே பேர். ஒருவர் உடைக்க, அப்போதுதான் உடைத்துவிட்டு வந்த மற்றவர் மாலையை உருட்டினார்.

மதியத்துக்கு மேல் கான்கிரீட் ஒரு பக்கம் பிளந்து தண்ணீர் பீறிட்டது. மாடியிலிருந்தவர்கள் கையசைத்தார்கள். ஆனால் மச்சினன் மெஷினை விடவில்லை. எனக்கு என்னவோ போல இருந்தது. கம்ப்ரசரை நிறுத்திவிட்டு ஓடினேன். மேஸ்திரியின் உதடுகள் ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்தன. கட்டைவிரல் மட்டும் ஒரே மணியின் மேல் தேய்ந்துகொண்டிருந்தது.

“மேஸ்திரி, மணி நவரவே இல்லையே” என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். அந்த முகத்தை இன்று நினைத்தாலும் எனக்குப் பதறுகிறது.

“நவருதுன்னுல்லா நெனச்சேன்” என்றார்.

மெஷின் அதிர்வில் மரத்துப்போன விரல் அவரை ஏமாற்றியிருந்தது. எவ்வளவு நேரமாக என்று அவருக்கும் தெரியவில்லை. மச்சினனின் விரல்கள் மெழுகுவர்த்தி போல வெளுத்துப்போய்க் கைப்பிடியோடு இறுகிக் கிடந்தன. ஒவ்வொன்றாக நாங்கள்தான் பிரித்தெடுத்தோம். வலிக்கவில்லை என்று அவர் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“நீங்க மாத்துன்னு சொல்லலியே அத்தான்” என்றார், குறையாகக்கூட அல்ல.

ஆளைக் காப்பாற்றப் போட்ட சட்டமே ஆளைப் பிடித்துவைத்த கொடுமையை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. குடியிருப்பு பிழைத்தது. மச்சினனின் கை தேறவில்லை. சட்டைப் பொத்தானை அவர் அக்காதான் போட்டுவிடுகிறார்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்கால ஜெபம் நடந்துகொண்டிருந்தது. அதே நீல மாலை. மேஸ்திரி ஒவ்வொரு மணியையும் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போனார். நான் பார்ப்பதைக் கவனித்திருந்தவர், ஜெபமெல்லாம் முடிந்த பிற்பாடு என்னிடம் சொன்னார்: “வெரல நம்ப முடியலலே. ஒதட்டுல பட்டாத்தான் தெரியுது.”

கடைசி மணி முடிந்ததும் எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மேஸ்திரி மட்டும் மச்சினன் பக்கம் திரும்பி, மெதுவாக, “மாத்து” என்றார். தினமும் சொல்வாராம். மச்சினன் மடியில் கிடந்த இரண்டு கைகளையும் விரிக்கப் பார்த்தார்.