படத்தைப் பார்ப்பவர்களைப் பார்க்கும் வேலை

மாநில எல்லையிலிருக்கும் கோபாலபுரம் பஸ் ஸ்டாப் சுவரில் புதிதாக ஒரு யானை வரைந்திருக்கிறார்கள். அதை யார் நின்று பார்க்கிறார்கள் என்று போனில் குறித்து, வரைந்தவர்களுக்கு அனுப்புவது என் வேலை. இன்று முதல் நாள். என்ன குறிக்கிறேன் என்று வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் வேண்டுமென்றே பார்ப்பார்களாம்.

காலையிலிருந்து ஒருவரும் பார்க்கவில்லை.

கள்ளு கேனோடு நின்ற ஓர் அண்ணன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லை தாண்டிக் கள்ளு கொண்டுபோகக் கூடாது. திடீரென்று நேராக வந்துவிட்டார்.

“ஏனம்மிணி, என்னையப் போட்டோ புடிச்சு செக்போஸ்டுக்கு அனுப்பறயா?”

“இல்லீங்ணா.”

“பின்ன எதுக்குப் போனத் தூக்கிப் புடிச்சிருக்கற? குடு இங்க!”

அது அம்மாவின் போன். இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

“வாயத் தொறந்து சொல்லு கண்ணு,” என்றார் பூக்கார அக்கா.

அண்ணன் போனைப் பிடித்து இழுத்ததும் சொல்லிவிட்டேன்.

“படத்த யாரு பாக்கறாங்கன்னு குறிக்கறனுங்க!”

“எந்தப் படம்?”

சுவரைக் காட்டினேன். போனை விட்டுவிட்டுத் திரும்பினார். எல்லோரும் திரும்பினார்கள்.

“அட, யானையா? தெனமும் இதும்மேலதான சாஞ்சு நிக்கறன்!” என்றார் அக்கா.

அண்ணன் என் முகத்தைப் பார்க்கக் கூசி, பஸ் வரும்வரை யானையையே பார்த்தார்.

இவர்களைக் குறிப்பதா, வேண்டாமா? சாயந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும், யாராவது சொல்லுங்கள்.