என்னுடைய இரண்டு நாள்

குடியை விடுவதற்கு முதலில் மன உறுதி வேண்டும் என்கிறார்கள். எனக்கு முதலில் வேண்டியிருந்தது, குடிப்பது நான்தான் என்று நம்பும் ஒரு ஆள்.

குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்றின் எண்ணை எப்படியோ தேடிப் பிடித்தேன். போனை எடுத்தவர் தன்மையாகத்தான் பேசினார். "கவலைப்படாதீங்கம்மா, நிறைய பேர் மாறியிருக்காங்க. வீட்டுக்காரர் பக்கத்துல இருக்காரா?" குடிப்பது நான்தான் என்றேன். "புரியுதும்மா. அவங்க ஒத்துக்கவே மாட்டாங்க. நீங்கதான் எப்படியாவது கூட்டிட்டு வரணும்." என்ன புரிந்ததோ! ஞாயிறு மாலை ஐந்து மணி, மயிலாப்பூரில் ஒரு மாதா கோயில் பள்ளிக்கூடம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

என் கணவர் டீயைத் தவிர எதையும் தொடாதவர். தி.நகரில் அவர்கள் குடும்பத்து ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். எனக்குப் பெருங்குடியில் ஐ.டி. வேலை. நான்கு வருடங்களாக என் சாப்பாட்டுப் பையில் ஸ்டீல் பாட்டிலில் வோட்கா போகிறது. அது அவருக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் சண்டையாவது போடலாம். கேட்காத மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை, குடிக்காமல் இரண்டு நாள் ஆகியிருந்தது. கை நடுக்கத்தில் என்னால் வண்டி ஓட்ட முடியவில்லை. அடையாறிலிருந்து அவர்தான் ஸ்கூட்டரில் கூட்டிவந்தார். அந்தக் கூட்டத்தில் போய் உட்காராமல் வீடு திரும்பினால் அன்றைக்கே குடித்துவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர் பேப்பர் கப்பில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக என் கணவரின் தோளில் கையைப் போட்டார். "வா நைனா. இன்னா வெக்கம்? இங்க கீற அத்தினி பேரும் உன்ன மாதிரிதான்." கையில் டீயைக் கொடுத்து உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை.

அதற்குள் கண்ணாடி போட்ட ஒரு டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "குடும்பத்துக்காரங்களுக்கு இந்தப் பக்கம்மா."

"இல்லம்மா, இது எனக்குத்தான்..."

"தெரியும்மா, நமக்குத்தான் கஷ்டமெல்லாம். கை பாரு, எப்படி நடுங்குது."

அது எல்.கே.ஜி. வகுப்பு. குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகத்தில் இடிக்கப் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் குடிகாரர்களின் மனைவிகள். ஆண்கள் இருந்த வகுப்புக்கும் இதற்கும் நடுவே வெறும் பிளைவுட் தடுப்பு. பாட்டில் ஒளித்து வைக்கும் இடங்களை ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்: அரிசி டின், வாஷிங் மிஷின் பின்பக்கம், பழைய சூட்கேஸ். நான் வைப்பது சூட்கேஸில். "மூஞ்சியப் பாத்து பொய் சொல்றாங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல" என்றாள் இன்னொருத்தி. பக்கத்தில் இருந்தவள் பாவப்பட்டு என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆட்டோக்காரரின் குரல். "நைனா, வுட்டு எத்தினி நாளாச்சு?"

ஒரு நாற்காலி நகரும் சத்தம். பிறகு என் கணவர் சொன்னார்: "ரெண்டு நாளு."

எல்லோரும் கைதட்டினார்கள்.

வாந்தி எடுத்து, வியர்த்துக் கொட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு நான் கடந்த இரண்டு நாள் அது. பெண்டாட்டி குடிக்கிறாள் என்று சொல்வதைவிட, தானே குடிகாரன் என்று சொல்லிக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. விருட்டென்று எழுந்தேன். இடுப்போடு வந்த குட்டி நாற்காலியை உதறிவிட்டுப் போய் அடுத்த அறைக் கதவைத் தள்ளினேன்.

"அது என்னோட ரெண்டு நாள்!" என்று கத்தினேன். "இவர் வாழ்க்கையில ஒரு பீர்கூடக் குடிச்சதில்ல. குடிக்கிறது நான்."

இருபது ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னா நைனா, மெய்யாலுமா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். அதையும் என்னிடம் கேட்கவில்லை, அவரிடம்தான் கேட்டார். இவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். எழுந்து எனக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்தார்.

"அப்போ நீ அந்தாண்ட போ நைனா. உனுக்கு அந்த ரூம்புதான்."

யாரோ சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு மனைவிகளின் அறைக்குப் போனார். எனக்கு யாரும் கைதட்டவில்லை. அது வேறு எரிச்சலாக இருந்தது.

என்னைப் பேசச் சொன்னார்கள். எங்கே தொடங்குவது என்று யோசிக்கும்போது தடுப்பு வழியாக அவர் குரல் கேட்டது. அவருடைய தெற்கத்தி ஊர்ப்பேச்சு அப்படியே இருந்தது. கடையில் அப்படிப் பேசமாட்டார்.

"அலாரம் வச்சு எந்திரிக்கேன். ரெண்டு மணிக்கு ஒருக்கா, நாலு மணிக்கு ஒருக்கா. அவ மூக்குக்கிட்ட வெரல வச்சுப் பாப்பேன், மூச்சு வருதான்னு. நாலு வருசமா."

பக்கத்திலேயே படுத்திருந்த என்னிடம் ஒருநாளும் சொல்லாததை, ஐந்து நிமிடம் முன்பு பார்த்த பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்துபோய் அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

"நீ சொல்லும்மா" என்றார் ஆட்டோக்காரர்.

"கொஞ்சம் இருங்க" என்றேன். "அவர் பேசி முடிக்கட்டும்."