சொந்தக்காரர் பெயரில் சுவர்கள்

ராவாங் பட்டணத்தில் ஒரு கட்டுமான அலுவலகத்தில் பதினொரு வருடமாகக் கணினியில் கட்டட வரைபடம் போடுகிறாள் அன்பரசி. வீடிருக்கும் அசாம் ஜாவாவிலிருந்து, செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்து உட்கார்ந்தால், கோடு பிசகாது. கை அவ்வளவு சுத்தம். புத்திதான் கொஞ்சம் கோணல்.

வரைபடத்தில் சுவர் ஒரு லேயர், குழாய் ஒரு லேயர், மின்கம்பி ஒரு லேயர் என்று அடுக்கடுக்காய் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க வேண்டும். கோவிட் சமயத்தில் மூன்று பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்களா, அடுத்தது தான்தான் என்று இவள் முடிவு கட்டிவிட்டாள். அன்றே பெயர்களை மாற்றினாள். சுவருக்கு அம்மா நல்லம்மாள். தூணுக்கு அப்பா வீரன். சாக்கடைக் குழாய்க்கு, சும்மா விடுவாளா, தன் கல்யாணத்துக்கு வராத சித்தி புஷ்பா. சொந்தம் தீர்ந்ததும் பழைய தோட்டத்து லயத்துச் சனங்களையும் இழுத்துப் போட்டாள். மற்றவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "இனி என்னைத் தொட்டுப் பாக்கட்டும்!" என்றாள். யாரும் தொடவில்லைதான்.

இந்த வருடம் ஷா ஆலாமில் கிளை திறந்தார்கள். கட்டடத்தை முப்பரிமாணத்தில் எழுப்பிக் காட்டும் வேலை. ஒரே ஒரு இடம். அந்த வித்தையைக் கற்கவே இரண்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் வகுப்புக்குப் போனவள் அவள். முப்பத்தாறு வயதில் இதை விட்டால் வேறு வாசல் கிடையாது.

முதலாளி உமாபதி விண்ணப்பத்தைப் படித்தார்.

"நீ போயிட்டா இந்த ஃபைலை எல்லாம் யாரும்மா பாக்குறது? வீரன் யாரு, புஷ்பா யாருன்னு எங்களுக்கு என்னா தெரியும்?"

"எல்லாத்தையும் மாத்திக் குடுத்துர்றேன் பாஸ். நானூறு ஃபைல்தான்."

"அடுத்த வாரம் ஆள் அனுப்பணும். அதுக்குள்ள முடியுமா பாரு."

சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தாள். போன வருடம் சேர்ந்த உஷாராணி, பக்கத்து மேசைக்காரி, கூடவே உதவினாள்.

"அக்கா, இராஜம்மா யாரு?"

"கூரை."

"குகன்?"

"மாடிப்படி. ஐயோ, சீக்கிரம் மாத்துடி!"

ஆறு நாளில் எண்பத்திரண்டுதான் முடிந்தது.

திங்கட்கிழமை உமாபதி வந்து, ஷா ஆலாமுக்கு உஷாராணி போகிறாள் என்றார். "அவ போனா இங்க எதுவும் நிக்காது. நீ போனா ஆபிஸே நின்னுரும் அன்பு. உன்னை எப்படிம்மா விடுறது?"

மனிதர் பாராட்டாகத்தான் சொன்னார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. அன்பரசி யாரைத் திட்டுவாள்?

உஷாராணி முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "நான் வேணாம்னு சொல்லிரவா அக்கா?"

"போடி பைத்தியம். கெடச்சத விடாத."

பிறகு அன்பரசி எண்பத்து மூன்றாவது ஃபைலைத் திறந்தாள். உமாபதி எட்டிப் பார்த்தார்.

"இன்னும் பேரா மாத்துற? நீதான் இங்கயே இருக்கியேம்மா, எதுக்கு வெட்டி வேலை? புதுசா ஒரு பள்ளிக்கூடம் வந்திருக்கு, அதைப் போடு."

ஃபைலை மூடினாள். புது வரைபடம் தொடங்கியது. சுவர் லேயருக்குப் பெயர் கேட்டது கணினி. நல்லம்மாள் என்று அடித்தாள்.